மூளை அலை நினைப்பைப் படிப்பதில்லை: ஒரு கட்டுரைக்குத் திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், மூளை அலையால் கணினியை இயக்கும் மூளை–கணினி இடைமுகம் குறித்து வந்த கட்டுரையில், அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் ஃபார்வெலின் பணி இரண்டு பத்திகளில் சொல்லப்பட்டிருந்தது. கைகால் அசையாத நோயாளிகள் மூளை அலையாலேயே எழுத்து எழுதினார்கள் என்பது ஒரு பத்தி. குற்றம் செய்தவரின் மூளையிலிருந்து உண்மையை வரவழைத்தார்கள் என்பது அடுத்த பத்தி. இரண்டுக்கும் மேலே ‘நினைப்பதைப் படிக்கும் கருவி’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. தலைத்தோலில் மின்முனைகளை வைத்து மூளையின் மின் அலையை எடுக்கும் இ.இ.ஜி. பதிவோடு அன்றாடம் புழங்குகிற எங்களுக்கு அந்தத் தலைப்புதான் உறுத்தியது. இரண்டு பத்திகளிலும் வேலை செய்வது ஒரே அலை. அந்த அலை யாருடைய நினைப்பையும் படிப்பதில்லை. அது எதைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், முதல் வேலைக்கு அது ஏன் பொருந்துகிறது, இரண்டாவதில் ஏன் தடுமாறுகிறது என்பது தானாக விளங்கும்.

அந்த அலைக்கு பி300 என்று பெயர். சாமுவேல் சட்டனும் கூட்டாளிகளும் 1965-இல் அதை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி ஒலி வரிசையாக வந்துகொண்டிருக்க, இடையில் எப்போதாவது வேறொரு ஒலி வருகிறது. கேட்பவர் அந்த அபூர்வ ஒலியை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அது வந்து சுமார் 300 மில்லிசெகண்ட் கழித்து, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் மின்னழுத்தம் நேர்த்திசையில் ஒரு மேடு எழுப்பி இறங்கும். கண்ணால் பார்க்கும் தூண்டலுக்கு இன்னும் தாமதமாக, 400, 500 மில்லிசெகண்டில்கூட வரும். ‘நான் காத்திருந்தது வந்துவிட்டது’ அல்லது ‘இது எனக்கு முக்கியம்’ என்பதற்கு மேல் அந்த மேட்டில் செய்தி எதுவும் கிடையாது. எது வந்தது, ஏன் முக்கியம் என்பதெல்லாம் திரையில் எதைக் காட்டினோம் என்ற நம்முடைய குறிப்பேட்டில் இருக்கிறது, அலையில் இல்லை.

அந்த மேட்டின் உயரம் 5 முதல் 15 மைக்ரோவோல்ட் வரை இருக்கும். அதே நேரத்தில் மூளையின் மற்ற அலைகள் 30, 50 மைக்ரோவோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முறை கண் சிமிட்டினால் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். திருவிழா மேளத்துக்கு நடுவே ஒருவர் விரல் சொடுக்குவதைக் கேட்கிற கதைதான். ஆகவே ஒரே தூண்டலைப் பல முறை காட்டி, ஒவ்வொரு முறையும் வந்த பதிவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுக்கிறார்கள். தூண்டலோடு சம்பந்தமில்லாத இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்; பி300 மட்டும் நிற்கும். இரைச்சல் குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூலப்படி. 20 மைக்ரோவோல்ட் இரைச்சலை 5-ஆக்க 16 முறை காட்ட வேண்டும். 2-ஆக்க 100 முறை. இந்தக் கணக்குக்கு வெளியே போக எந்தக் கம்பெனியின் கருவியாலும் முடியாது. ‘நொடியில் படிக்கும்’ என்று தலைமேல் அணியும் கருவிக்கு விளம்பரம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

ஃபார்வெலும், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இமானுவேல் டோன்சினும் 1988-இல் செய்தது இதைத்தான் எழுதும் பலகையாக மாற்றியது. திரையில் 6 வரிசை, 6 நிரல், ஆக 36 கட்டங்கள். எழுத்துகளும் சில கட்டளைகளும் அவற்றில் இருக்கும். வரிசைகளும் நிரல்களும் எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒவ்வொன்றாய் மின்னும். எழுத விரும்புபவர் தனக்கு வேண்டிய எழுத்தையே பார்த்துக்கொண்டு, அது மின்னும்போதெல்லாம் மனதுக்குள் எண்ண வேண்டும். ஒரு சுற்றில் 12 மின்னல். அதில் வேண்டிய எழுத்து இரண்டில் மட்டும் வரும்: ஒரு வரிசை, ஒரு நிரல். பன்னிரண்டில் எந்த இரண்டுக்கு மேடு எழுந்தது என்று கணினி பார்த்து, அவை வெட்டிக்கொள்ளும் கட்டத்தை எடுத்துக்கொள்கிறது. கணினி கேட்ட கேள்விக்கு மூளை ஆமென்றது, அவ்வளவே. பலகையில் இல்லாத எழுத்தை அவர் எவ்வளவு தீவிரமாக நினைத்தாலும் அது திரைக்கு வராது.

கட்டுரையில் திருத்த வேண்டிய முதல் தகவல் இங்கே இருக்கிறது. 1988 ஆய்வில் உட்கார்ந்தவர்கள் நோயாளிகள் அல்லர். உடல்நலமுள்ள 4 பேர். சுமார் 95 சதவீதத் துல்லியத்துக்கு ஓர் எழுத்துக்கு 26 நொடி, அதாவது நிமிடத்துக்கு 2.3 எழுத்து என்று கணக்கு வந்தது. நோயாளிகளிடம் போனது பிந்தைய கதை. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் உள்ள வாட்ஸ்வர்த் மையத்தார், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோயால் உடல் அசையாத ஒருவரின் வீட்டிலேயே இப்படி ஒரு கருவியை வைத்து, அவர் அதை இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியதை 2010-இல் வெளியிட்டார்கள். அங்கே தினமும் மின்முனைகள் உள்ள தொப்பியை மாட்டி, ஜெல் வைத்துக் கொடுத்தது வீட்டில் கவனித்துக்கொண்டவர்கள். அந்தக் கைவேலையைச் சொல்லாமல் கருவியை மட்டும் எழுதுவது பாதிச் செய்தி.

இதே பலகையைத் தமிழுக்குக் கொண்டுவரலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக. 247 எழுத்துக்கும் கட்டம் போட வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31. மிச்சம் 5 கட்டத்தில் இடைவெளி, அழி, முற்றுப்புள்ளி, ‘பேசு’, ‘ஆளைக் கூப்பிடு’ வைத்தால் 36 கச்சிதமாக நிறைகிறது. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தேர்ந்தால் கணினி சேர்த்துக்கொள்ளும். ‘தண்ணீர்’ என்பதற்கு த், அ, ண், ண், ஈ, ர் என 6 தேர்வு. 1988-இன் வேகத்தில் 2 நிமிடம் 36 நொடி. ‘கால் வலிக்கிறது’ என்பதற்கு இடைவெளியோடு 15 தேர்வு, ஆறரை நிமிடம். தட்டச்சுப் பலகைபோல அகரமேறிய எழுத்தும், புள்ளியும், துணைக்குறியும் தனித்தனியாக வைத்தால் ‘தண்ணீர்’ 7 ஆகிறது. ஆனால் ‘படம்’ 5-இலிருந்து 4-ஆகக் குறைகிறது. மெய் மிகுந்த சொல்லுக்கு முதல் முறையும், அகரம் மிகுந்த சொல்லுக்கு இரண்டாவதும் சாதகம். ஜ, ஸ, ஷ, ஹ நான்கும் இரண்டாம் பக்கத்துக்குப் போகும். தூய தமிழ் அன்பர்கள் மன்னிக்க வேண்டும்: ‘பேருந்து’ 7 தேர்வு, ஸகரத்துக்கு ஒரு கட்டம் கொடுத்துவிட்டால் ‘பஸ்’ மூன்றே தேர்வு. படுத்திருப்பவருக்கு அந்த நாலு தேர்வு என்பது 104 நொடி. அடுத்த சொல்லை ஊகித்துத் தரும் கட்டங்கள் சிலவற்றைச் சேர்த்தால் இந்தக் கணக்கு வெகுவாக இறங்கும். அதற்கு நோயாளி வழக்கமாகப் பேசும் சொற்களை வீட்டாரிடம் கேட்டு வாங்கிப் போட வேண்டும். செய்தித்தாள் தமிழைப் போட்டால் படுக்கைத் தேவைக்கு உதவாது.

பலகையில் தவறு விழுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தவறான எழுத்து பெரும்பாலும் வேண்டிய எழுத்தின் அதே வரிசையிலோ நிரலிலோ, பக்கத்துக் கட்டமாகவே இருக்கும். பக்கத்து வரிசை மின்னும்போது கண்ணோரத்தில் பட்டு, கவனம் அங்கே சாய்ந்துவிடுகிறது. வேண்டிய எழுத்தே உடனுக்குடன் இரண்டு முறை மின்னினால் இரண்டாவதற்கு மேடு சரியாக எழாது. இரண்டையும் தவிர்க்க, 2010-இல் 8-க்கு 9 என்று 72 கட்டம் வைத்து, வரிசை நிரல் முறையை விட்டுவிட்டு, சதுரங்கப் பலகைபோல் கலைத்து மின்ன வைக்கும் முறை வந்தது. அதே ஆண்டு இன்னொன்றும் தெளிவானது: எழுத்தை நேராகப் பார்க்காமல் திரையின் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டு கவனத்தை மட்டும் எழுத்தின்மேல் வைத்தால் துல்லியம் பெரிதாக விழுந்துவிடுகிறது. கண்ணை நகர்த்த முடிந்தவருக்கே இந்தப் பலகை நன்றாக ஓடும். கண்ணும் நிலைத்துப்போனவர்களுக்காகத்தான் இது என்று எழுதிவிடுகிறோமே, அங்கேதான் இது மிகவும் பலவீனம். அவர்களுக்கு ஒலி வழியாகவோ தொடுதல் வழியாகவோ தேர்வு வைக்க வேண்டும்; அது இன்னும் மெதுவாகப் போகும்.

இனி, எலக்ட்ரோடு எனப்படும் மின்முனைகளை வைக்கும் தலைக்கு வருவோம். பரிசோதனை கெடுவது முக்கால்வாசி இங்கேதான், கணினியில் அல்ல. நம் ஊரில் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். முந்தின இரவோ அன்று காலையோ ஷாம்பு போட்டுத் தலைகுளித்து, எண்ணெயும் கண்டிஷனரும் வைக்காமல் வரச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல. எண்ணெய்ப் படலத்தின்மேல் எலக்ட்ரோடு வைத்தால் மின்தடை கிலோ ஓம் கணக்கில் எகிறும். சீப்பின் வால்முனையால் முடியை வகுத்து, தோலைப் பஞ்சுக்குச்சியில் எடுத்த தேய்ப்பு ஜெல்லால் நாலைந்து முறை தேய்த்து, கிண்ண எலக்ட்ரோடில் பேஸ்ட் நிரப்பி, மேலே சிறு காஸ் துணி வைத்து அழுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை விடக்கூடாது. எல்லாம் குறைவாக இருப்பதைப்போலவே எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதும் முக்கியம். ஒன்று 3, மற்றொன்று 30 என்றால், இரண்டிலும் ஒரே அளவில் நுழைந்திருக்க வேண்டிய 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் சமமில்லாமல் நுழைந்து, ஆம்ப்ளிஃபையர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்த பிறகும் மிஞ்சி நிற்கும்.

பேஸ்ட் அதிகமானால் வேறொரு கோளாறு. பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளின் பேஸ்ட் வழிந்து ஒன்று சேர்ந்தால் இரண்டும் ஒரே கம்பியாகிவிடும். திரையில் இரண்டு கோடும் அச்சடித்ததுபோல் ஒன்றாக ஓடும். பார்க்கச் சுத்தமாகத் தெரிவதால் இதை யாரும் கண்டுபிடிப்பதில்லை. தங்கமுலாம் எலக்ட்ரோடையும் வெள்ளி–வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடையும் ஒரே தலையில் கலந்து வைத்தால், உலோகங்களின் சொந்த மின்னழுத்தம் வேறுபட்டு, கோடு மெல்ல மெல்ல மேலும் கீழும் நழுவும். வியர்வையும் அதையே செய்யும். மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் பி300 எடுக்க உட்காருவது வீண். மின்விசிறியை நேர்மேலே ஓடவிட்டால் கம்பிகள் ஆடி, அந்த ஆட்டமே அலையாகப் பதிவாகும். கம்பிகளைச் சேர்த்துப் பின்னிக் கட்டிவிட வேண்டும்.

எட்டு எலக்ட்ரோடு போதும். உச்சிக் கோட்டில் முன்பக்கம், நடு, பின்நடு. பின்நடுவுக்கு இருபுறமும் ஒவ்வொன்று. பிடரியின் மேலே நடுவில் ஒன்று. அதன் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. காது மடலில், மற்றவற்றை ஒப்பிட்டு அளப்பதற்கான ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு. எலக்ட்ரோடு வைக்கும் இடங்களுக்கு 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்த 10–20 முறைப்படி மூக்கு மேட்டிலிருந்து பிடரி மேடுவரை நாடா வைத்து அளந்து குறிக்க வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் அடுத்த நாள் அதே இடத்தில் விழாது. கல்லூரி ஆய்வகங்களில் இப்போது பரவலாக வாங்கும், மூளை அலையைப் பதியும் ஓபன்பிசிஐ மின்சுற்றுப் பலகையில் ஏடிஎஸ்1299 சில்லு இருக்கிறது. 8 தடம், நொடிக்கு 250 மாதிரி. இந்த வேலைக்கு அது போதும். பேட்டரியில் ஓட்டுங்கள், மடிக்கணினியின் சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள். தொடங்குமுன் கண்ணை மூடச் சொன்னால் பிடரி எலக்ட்ரோடில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை ஓரிரு நொடியில் எழ வேண்டும். திறந்தால் அடங்க வேண்டும். 1929-இல் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியின் யேனாவில் எழுதிவைத்த அதே சோதனை. இன்றும் இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. சிலருக்கு இயல்பாகவே ஆல்ஃபா மங்கலாக இருக்கும் என்பதால், பல்லைக் கடிக்கச் சொல்லியும் சிமிட்டச் சொல்லியும் சேர்த்துப் பாருங்கள்.

கணினிப் பக்கத்தில் மாணவர்கள் அதிகம் இடறுவது நேரக்குறியில். எழுத்து மின்னிய கணமும், பதிவில் ‘மின்னியது’ என்று குறி விழுந்த கணமும் பொருந்த வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் படம் மாற்றும். புளூடூத் வழி வந்தால் தாமதம் வேறு சேரும். தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் பாதகமில்லை, கழித்துக்கொள்ளலாம். ஒரு முறை 20, ஒரு முறை 120 என்று குதித்தால் சராசரியில் மேடு பரவித் தேய்ந்துபோகும். பிறகு ‘இந்த ஆளுக்கு பி300 வரவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். திரையின் மூலையில் ஒரு வெள்ளைச் சதுரத்தை எழுத்தோடு சேர்த்து மின்னவைத்து, அதன்மேல் ஒளியை உணரும் ஃபோட்டோடையோடு ஒன்றை ஒட்டி, அதன் சமிக்ஞையை ஒரு தடத்தில் பதிவுசெய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். செலவு சில நூறு ரூபாய்.

துல்லியக் கணக்கில் இன்னும் பெரிய குழி இருக்கிறது. செய்தியாளர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 12 மின்னலில் 2 மட்டுமே வேண்டியவை. ‘எதற்கும் மேடு இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மென்பொருள்கூட 12-க்கு 10 சரி, 83 சதவீதம்! மின்னல் கணக்கில் 83 சதவீதம் என்று ஒருவர் சொன்னால் கருவியே இல்லாமல் அது கிடைக்கும். எழுத்துக் கணக்கில் கேட்க வேண்டும். அங்கே குருட்டு ஊகத்துக்குக் கிடைப்பது 36-இல் 1, மூன்று சதவீதத்துக்கும் குறைவு. இடதா வலதா என்ற இரட்டைத் தேர்வில் 20-க்கு 14 சரி என்று பெருமைப்படுகிற கல்லூரித் திட்டங்களும் உண்டு. காசு சுண்டிப் போட்டாலே 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு 14-ஓ அதற்கு மேலோ வரும்.

படங்களைப் பார்ப்பவரின் அலையை வைத்து என்ன படம் என்று சொன்னதாக 2017-இல் வந்த ஆய்வு இதற்கெல்லாம் மேலே. 40 வகைப் படம், வகைக்கு 50, துல்லியம் 80 சதவீதத்துக்கு மேல் என்றார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் ஒரு வகையின் 50 படங்களையும் ஒரே தொகுப்பாகத் தொடர்ந்து காட்டியிருந்தார்கள். ஜெல் காய்வது, களைப்பு, மெல்லிய நழுவல் எல்லாம் நேரத்தோடு மாறும் அல்லவா? மென்பொருள் கற்றுக்கொண்டது நாயையும் பியானோவையும் அல்ல, அந்தத் தொகுப்பு எந்த நேரத்தில் பதிவானது என்பதை. வேறொரு குழு படங்களைக் கலைத்துக் காட்டியபோது துல்லியம் குருட்டு ஊகத்தின் அளவுக்கு இறங்கியதை 2020-இல் வெளியிட்டது. முதல் செய்திக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கும் இந்த மறுப்புக்குக் கிடைக்கவில்லை.

நெற்றியில் கட்டிக்கொண்டு மூளை அலையை எடுக்கும் நெற்றிப்பட்டைகளின் விளம்பரங்களைப் பற்றி ஒரு வரி போதும். பி300 நன்றாகத் தெரியும் இடம் உச்சிக்குப் பின்னால். பட்டை தொடுவது நெற்றி. அங்கே கிடைப்பதில் பெரும்பங்கு கண்சிமிட்டலும் புருவத் தசையும்.

இனி கட்டுரையின் இரண்டாவது பத்திக்கு வருகிறோம். 1991-இல் ஃபார்வெலும் டோன்சினும் அதே பி300 அலையை விசாரணைக்குத் திருப்பினார்கள். உளவு நாடகம் ஒன்றில் 20 பேரை ஈடுபடுத்தி, திரையில் மூன்று வகைச் சொற்களைக் காட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த, பொத்தானை அழுத்தச் சொன்ன சொற்கள் ஆறில் ஒரு பங்கு, நாடகத்தில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்த ‘துருவும்’ சொற்கள் ஆறில் ஒரு பங்கு, சம்பந்தமில்லாதவை மீதி. துருவும் சொல்லுக்கு வந்த அலை முதல் வகையைப்போல் இருந்தால் ‘இவருக்குத் தெரியும்’. மூன்றாம் வகையைப்போல் இருந்தால் ‘தெரியாது’. தவறான முடிவு ஒன்றும் வரவில்லை, 12.5 சதவீதத்தில் முடிவு சொல்ல முடியவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆய்வகத்துக்குள் இது நேர்த்தியான வேலை, மறுக்கவில்லை. இதையே ஃபார்வெல் பின்னர் ‘மூளைக் கைரேகை’ என்று பெயரிட்டு வெளியே கொண்டுபோனார். டோன்சின் அதற்கு உடன்படவில்லை. நிஜ வழக்குக்கு இது தயாரில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 2001-இல் அமெரிக்கக் கணக்குத் தணிக்கை அலுவலகம் சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ. முதலிய அமைப்புகளிடம் கேட்டபோது, அவை இதனால் தங்களுக்குப் பெரிய பயன் இருப்பதாகக் கருதவில்லை.

ஏன்? கைரேகை தொட்ட இடத்தில் விழுகிறது. இந்த அலை அறிந்த தகவலுக்கு எழுகிறது. ‘தெரியும்’ என்பதற்கும் ‘செய்தான்’ என்பதற்கும் நடுவில் ஒரு வழக்கே நடத்தலாம். கத்தி எங்கே கிடந்தது, சட்டை என்ன நிறம் என்பதெல்லாம் துருவும் சொற்கள். அவை காவல் நிலைய விசாரணையிலேயே சந்தேக நபரிடம் சொல்லப்பட்டிருக்கும். இல்லாவிட்டால், கோபிக்க வேண்டாம், தங்கள் நாளிதழின் குற்றச் செய்திப் பக்கத்தில் படத்தோடு வந்திருக்கும். அதைப் படித்த எல்லோருக்கும் பி300 எழும். எதிர்ப்புறத்தில், குடிபோதையிலோ பதற்றத்திலோ சட்டை நிறத்தைக் கவனிக்காத உண்மையான குற்றவாளிக்கு எழாது. எந்தச் சொல்லைத் துருவும் சொல்லாக வைப்பது என்பது சோதனை நடத்துபவர் கையில். ஏமாற்றவும் வழி உண்டு. 2004-இல் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் ரோசன்ஃபெல்டின் குழு, சம்பந்தமில்லாத சொல் வரும்போதெல்லாம் செருப்புக்குள் கால்விரலை அசைப்பது மாதிரி மறைவான சிறு வேலைகளைச் செய்யச் சொல்லிக்கொடுத்தது. அதனால் சம்பந்தமில்லாத சொல்லும் ‘முக்கியம்’ ஆகி மேடு எழுப்பியது. கண்டுபிடிக்கும் விகிதம் 82 சதவீதத்திலிருந்து 18-க்கு விழுந்தது. எழுதும் பலகையில் அமர்பவர் கருவியோடு ஒத்துழைக்கிறார். தவறு வந்தால் ‘அழி’ என்ற கட்டம் இருக்கிறது. விசாரணை நாற்காலியில் இரண்டும் இல்லை.

‘மூளை அலையால் விடுதலை’ என்று கட்டுரை சொன்ன, அமெரிக்காவின் அயோவா மாநில வழக்கும் அப்படி நடக்கவில்லை. டெரி ஹாரிங்டன் 1978-இல் கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர். 2000-இல் ஃபார்வெல் அவருக்குச் சோதனை செய்தார். மாவட்ட நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்றுக் கேட்டது, ஆனால் மனுவைத் தள்ளிவிட்டது. 2003-இல் அயோவா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்ததற்குக் காரணம், வேறொரு சந்தேக நபரைப் பற்றிய காவல்துறைக் குறிப்புகளை எதிர்த்தரப்புக்குக் கொடுக்காமல் மறைத்தது. மூளைச் சோதனையை ஆராயத் தேவையில்லை என்று அந்த நீதிமன்றம் விட்டுவிட்டது.

நம் நாட்டில் நடந்தது இதைவிடக் கவலை தருவது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் பணியாற்றிய சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய இன்னொரு முறை இங்கே புழக்கத்துக்கு வந்தது. அதில் சுமார் 30 எலக்ட்ரோடுகளை மாட்டி, ‘நான் கடைக்குப் போனேன், நான் வாங்கினேன்’ என்பதுபோன்ற வாக்கியங்களைக் கேட்கவைப்பார்கள். உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை. வெறுமனே தெரிந்ததா, நேரில் அனுபவித்ததா என்றுகூட மென்பொருள் பிரித்துவிடும் என்பது உரிமை கொண்டாடல். 2008-இல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கின் தீர்ப்பில் இதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இது அறிவியல் அடிப்படை இல்லாதது, விசாரணைக் கருவியாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று சொன்னது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதமில்லாமல் மயக்கமருந்துச் சோதனையோ, பொய் கண்டறியும் சோதனையோ, மூளை அலைச் சோதனையோ நடத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு விரோதம். சம்மதம் என்றாலும் வழக்கறிஞரை அணுக வாய்ப்புக் கொடுத்து, மாஜிஸ்திரேட் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும். அப்படி எடுத்தாலும் சோதனை முடிவு அப்படியே சாட்சியமாகாது; அதன் வழியாகப் பின்னர் கண்டெடுத்த பொருளோ தகவலோ மட்டும், அன்றைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி ஏற்கப்படலாம். ‘மூளை அலைச் சோதனைக்கு உட்படுத்தப் போலீசார் முடிவு’ என்று ஒவ்வொரு பரபரப்பு வழக்கிலும் செய்தி வருகிறது. அதில் இந்த வரி ஒரு முறைகூடச் சேர்க்கப்படுவதில்லை.

மண்டையோட்டுக்கு உள்ளே எலக்ட்ரோடு பதிக்கும் ஆய்வுகளை இவற்றோடு குழப்பக்கூடாது. ஸ்டான்ஃபோர்டு குழு 2023-இல் நிமிடத்துக்கு 62 சொல், டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2024-இல் 97 சதவீதத் துல்லியம் என்று காட்டியவை, மூளைப் புறணியில் ஊசிகளைச் செருகி, அருகிலுள்ள நரம்பணுக்களின் துடிப்பைக் கேட்டவை. அங்கேயும் பதிவாவது நோயாளி பேச முயலும்போது வாய், நாக்குத் தசைகளுக்குப் போகும் கட்டளை. அந்த எண்களை எடுத்து நெற்றிப்பட்டைக் கட்டுரையில் போடுவது வாசகரை ஏமாற்றுவது.

இந்த மாதிரிக் கட்டுரை வந்தால் அடுத்து நடப்பது, ஏ.எல்.எஸ். நோயாளி இருக்கும் வீட்டார் கடன் வாங்கியாவது கருவி வாங்கலாமா என்று விசாரிப்பது. அவர்களுக்காகவாவது கட்டுரையோடு இதைச் சேர்த்திருக்கலாம்: நோயாளியால் கண்ணை மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால், கண்ணசைவைப் பின்தொடரும் கேமரா எந்த மூளை அலைக் கருவியையும்விட வேகம்; தலையில் பேஸ்ட்டும் வேண்டாம். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் ஒரு கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு போதும். அதன் ஓரங்களில் எழுத்துகளை எட்டுக் கூட்டமாக எழுதி, நடுவில் ஓட்டை வெட்டி, முகத்துக்கு நேரே பிடியுங்கள். முதல் பார்வை எந்தக் கூட்டம் என்பதையும், இரண்டாவது பார்வை அந்தக் கூட்டத்தில் எந்த எழுத்து என்பதையும் சொல்லும். கண்ணும் ஒரு பக்கம்தான் போகிறது என்றால், வீட்டார் வரிசை வரிசையாக எழுத்தை உரக்கச் சொல்ல, வேண்டியது வரும்போது சிமிட்டச் சொல்லலாம். பழகிய வீட்டில் இது 1988-இன் கருவியைவிட வேகமாகவே ஓடும். சிமிட்டலும் நின்றுபோனால், அப்போது நரம்பியல் மருத்துவரோடு உட்கார்ந்து மூளை அலை வழியைப் பேசலாம்.

எனவே இரண்டு திருத்தங்களை அதே அறிவியல் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறோம். 1988 ஆய்வில் பங்கேற்றவர்கள் நோயாளிகள் அல்லர் என்பது ஒன்று. மூளை அலைச் சோதனையைச் சம்மதமின்றி நடத்த இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை, சம்மதத்தோடு எடுத்தாலும் அதன் முடிவு தானே சாட்சியம் ஆகாது என்பது மற்றொன்று. இரண்டாவதைக் குற்றச் செய்திப் பிரிவினருக்கும் அனுப்பிவைத்தால் நல்லது.

இப்படிக்கு,
இ.இ.ஜி. ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.